அப்பா விட்டுப்போன மசோதா

ஒரே வேலையை 59 வருஷம் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் ஒருத்தர் பார்த்திருக்கிறார். அவர் பெயர் ஜான் டிங்கெல். மிச்சிகன் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். அங்கே 2 வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். அவர் 30 தடவை ஜெயித்தார்! இந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

1926-ல் பிறந்தார். அவர் அப்பாவும் அதே சபையில் உறுப்பினர். பையனாக இருந்தபோது மகன் அந்தச் சபையில் எடுபிடி வேலை பார்த்தார். 1941 டிசம்பர் 8-ல், ஜப்பான் மீது போர் அறிவிக்கக் கேட்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசியதை 15 வயதில் நேரிலேயே கேட்டார்.

அப்பாவுக்கு ஒரு கனவு இருந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துப் பொது நிதியில் சேர்க்கணும். யாருக்கு நோய் வந்தாலும் அதிலிருந்து வைத்தியச் செலவு கொடுக்கணும். 1943-ல் இரண்டு செனட்டர்களோடு சேர்ந்து இதற்கு மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. டாக்டர்கள் சங்கமும் கடுமையாக எதிர்த்தது. 1955-ல் அப்பா இறந்துபோனார். அவர் இடத்துக்கு நின்று ஜெயித்த மகனுக்கு வயது 29.

மகன் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு புது சபை கூடும்போதும் அந்த மசோதாவை மறுபடி கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் அது கிடப்பில் போனது.

ஆனால் 1965-ல் ஒரு பகுதி கைகூடியது. முதியோருக்கான ‘மெடிகேர்’ மருத்துவக் காப்பீடு சபையில் நிறைவேறியபோது, தலைமை நாற்காலியில் இருந்து மரச் சுத்தியலைத் தட்டியவர் டிங்கெல்தான். அந்தச் சுத்தியலைப் பத்திரமாக வைத்திருந்தார். 45 வருஷம் கழித்து, 2010-ல் புதிய காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய அன்று சபாநாயகர் நான்சி பெலோசிக்கு அதையே கொடுத்தார். ஒபாமா கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் இருந்தார். அப்போதும் அப்பாவின் கனவு முழுசாக நிறைவேறவில்லை. எல்லோருக்கும் காப்பீடு கிடைத்துவிடவில்லை.

அவர் மேல் குறையும் சொன்னார்கள். அவருடைய பகுதியில் கார் தொழிற்சாலைகள் அதிகம். அதனால் கார் புகைக் கட்டுப்பாட்டுக்கு முட்டுக்கட்டை போட்டார் என்றார்கள். 2008-ல் அவருடைய கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு, முக்கியமான குழுத் தலைவர் பதவியிலிருந்து அவரை இறக்கினார்கள். இருந்தும் 2015 ஜனவரி வரை உறுப்பினராக இருந்தார். 2019-ல், 92 வயதில் மறைந்தார்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அப்பாவும் மகனும் அடித்த அடியில் அம்மி பாதி தூரம் நகர்ந்திருக்கிறது. ஒரு தடவை தோற்றதும் நோட்டை மூடி வைக்கிற நாம், கொஞ்சம் யோசிப்போமா?