கூலன்ட் அடிக்கடி குறையுதா? பழைய காரில் அஞ்செட்டி மலைச்சாலை ஏறும் முன் இதைக் கவனிங்க!

ஒகேனக்கல் போய்விட்டு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் திரும்பும் கார்களுக்கு அது ஒரு பரீட்சை. காவிரிக் கரையில் இருக்கும் ஒகேனக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரம். ஓசூர் சுமார் 900 மீட்டர். ஆள் நிறைந்த கார், ஏ.சி ஓடிக்கொண்டிருக்க, வளைவு வளைவாக ஏற வேண்டும். ஊருக்குள் ஓடும்போது தெரியாத கூலன்ட் கசிவு இந்த மாதிரி ஏற்றத்தில்தான் வெளியே வரும்.

கூலன்ட் தானாகக் குறையுமா?

பெட்ரோல் மாதிரி கூலன்ட் செலவாகும் பொருள் அல்ல. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மூடிய பாதையில் சுற்றிவந்து, இன்ஜின் சூட்டை வெளியே கடத்துவதுதான் அதன் வேலை. மாதாமாதம் 'கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாம்' என்ற நிலை வந்தால், எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். ஊற்றுவது கசிவை மறைக்குமே தவிர, நிறுத்தாது.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடிப்பு விடும். கிளாம்ப் துருப்பிடிக்கும்.

சின்னக் கசிவுக்கு ஏன் இவ்வளவு பயம்?

காரணம், அழுத்தம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஓசூர் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும், கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பதாலும்தான் கொதிநிலை 120 டிகிரிக்கு மேல் போகிறது. ஹோஸில் வெடிப்போ, மூடியின் ரப்பர் வளையத்தில் தேய்மானமோ இருந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரமே கொதித்து ஆவியாகும்.

அதற்கு மேலும் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஹோஸ் மாற்றச் சில நூறு ரூபாய் போதும். ஹெட்டைக் கழற்றினால் பில் ஆயிரங்களில் வரும்.

எங்கே கசிகிறது என்று எப்படித் தெரியும்?

* காலையில் வண்டிக்கு அடியில் பாருங்கள். நிறமில்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏ.சி தண்ணீர், பயமில்லை. பச்சையோ சிவப்போ, வழவழப்பாக இருந்தால் கூலன்ட்.
* ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப்பின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் வெள்ளையாகக் காய்ந்த கறை இருந்தால் அங்கே கசிகிறது.
* காருக்குள் இனிப்பு வாசனை, முன்சீட்டுக் காலடியில் ஈரம் இருந்தால் ஹீட்டர் பகுதியைச் சோதிக்க வேண்டும்.
* வெளியே கசிவே இல்லை, ஆனால் அளவு குறைகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

கண்ணில் படவில்லை என்றால், மெக்கானிக்கிடம் 'பிரஷர் டெஸ்ட்' செய்யச் சொல்லுங்கள்.

வழியில் சூடாயிடுச்சு... என்ன செய்வது?

முள் ஏறத் தொடங்கியதுமே ஏ.சி-யை அணைத்து, ஹீட்டரை முழுசாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும்; ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அஞ்செட்டி வனப்பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. அதனால் வளைவிலோ அடர்ந்த காட்டுப் பகுதியிலோ இறங்கி நிற்காதீர்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மூடி கையில் சுடாத பிறகு, தடித்த துணி வைத்து மெதுவாகத் திறங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். ஆறிய பிறகு குடிநீர் ஊற்றி அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஆனால் ஊற்றியது உடனே ஒழுகினால் டோ வண்டிதான் வழி.

இன்னொன்று: முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுக்கக் காலியானால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், தவறாகவும் காட்டலாம்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம், வழக்கமாகக் கூடாது. உப்புத் தண்ணீர் உள்ளே படிவாகி ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும், துருவும் பிடிக்கும். கார் கையேட்டில் சொன்ன வகை கூலன்ட்டை, டிஸ்டில்டு வாட்டரோடு சொன்ன விகிதத்தில் கலப்பதே சரி. நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு.

பழைய கூலன்ட்டைச் சாலையோரம் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ மாடோ நக்கினால் உயிர் போகலாம். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.