பாட்டி, பேரன், தாய்லாந்துத் தீவு: எந்தக் கடலுக்கு எப்போ போகலாம்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல ஒரே கேள்விதான். சின்னப் பசங்க, அம்மா அப்பா, சித்தப்பா குடும்பம்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு தாய்லாந்துத் தீவுக்குப் போறதுன்னா, எந்தத் தீவுக்குப் போறது?

எனக்குச் சொந்த ஊர் ஆரணி, வேலை சென்னையில. எங்க வீட்டுக் கணக்கையே உதாரணமா எடுத்துக்கறேன். மொத்தம் 9 பேர். சின்னவனுக்கு 4 வயசு, அம்மாவுக்கு 68, முழங்கால் வலி. சித்தப்பா பட்டு நெசவாளர். இந்த மூணு பேருக்கும் சரிப்பட்டு வந்தா மத்தவங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

முதல்ல தேதி, அப்புறம்தான் தீவு

பலரும் ரீல்ஸ் பார்த்துத் தீவை முடிவு பண்ணிட்டு, அப்புறம் லீவைத் தேடறாங்க. அதைத் திருப்பிப் போடணும். ஏன்னா தாய்லாந்துக்கு ரெண்டு கடல், ரெண்டுக்கும் வேற வேற மழைக்காலம்.

மேற்குப் பக்கம் அந்தமான் கடல். பூகெட், கிராபி, கோ லாண்டா எல்லாம் இங்கே. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மே முதல் அக்டோபர் வரைக்கும் இங்கே அலை பெருசு. நவம்பர்லேருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியா இருக்கும்.

கிழக்குப் பக்கம் தாய்லாந்து வளைகுடா. கோ சாமுய், கோ பங்கன், கோ தாவ் இங்கே. நம்ம ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில மழை கொடுக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுது. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரை மழை, அதுல நவம்பர்தான் மோசம்.

இப்போ நம்ம பள்ளி லீவைப் பொருத்திப் பாருங்க. மே மாசம்னா சாமுய். காலாண்டு லீவுக்கும் சாமுய் பக்கம்தான் ஓரளவு பரவாயில்லை. அரையாண்டு, பொங்கல் லீவுன்னா பூகெட் பக்கம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துல அங்கே அறை வாடகை உச்சத்துல இருக்கும்.

எங்க வீட்டுல இன்னொரு காலண்டரும் உண்டு, தறிக் காலண்டர். தறி நின்னா கூலி நின்னுடும். பாவு பாதியில இருக்கும்போது சித்தப்பாவை எங்கேயும் கிளப்ப முடியாது. மழை மாசத்துல குழித்தறியில ஈரம் ஏறி வேலை மந்தமாகும், அதனால "கார்த்திகையில போலாமே"ன்னார். பசங்களுக்கு அப்போ லீவு இல்லை. கடைசியில பொங்கலுக்கு முன்னாடி பாவை முடிச்சுடறது, பொங்கல் வெச்சுட்டு மாட்டுப் பொங்கல் ராத்திரி கிளம்பறதுன்னு பேசியிருக்கோம். ஜனவரின்னா பூகெட். தேதி முடிவானதும் தீவு தானாவே முடிவாயிடுச்சு.

சிவப்புக் கொடி

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க. கடற்கரையில சிவப்புக் கொடி பறந்தா தண்ணியில இறங்கவே கூடாது.

ஆரணி மாதிரி கடல் இல்லாத ஊர்ல பல பேர் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவங்க. "எனக்கு நல்லா நீந்தத் தெரியும்"னு தைரியமா இறங்குவாங்க. கிணத்துத் தண்ணி ஆளை இழுக்காது, கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலைத்தண்ணி ஒரு குறுகலான பாதை வழியா ஆறு மாதிரி உள்ளே திரும்பி ஓடும். அதுல மாட்டினவங்க கரையைப் பார்த்து நேரா நீந்தினா களைச்சுத்தான் போவாங்க. பதட்டப்படாம மிதந்து, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பணும். இதைப் பயணத்துக்கு முன்னாடியே பெரியவங்க எல்லாரும் ஒருதடவை பேசி வெச்சுக்கணும்.

குழந்தைங்க விஷயத்துல எங்க விதி: ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர் காவல், அந்த நேரம் அவர் கையில போன் இருக்கக் கூடாது. பத்துப் பேர் இருக்கிற குடும்பத்துலதான் "யாராவது பார்த்துக்குவாங்க"ன்னு எல்லாரும் விட்டுடுவோம்.

வளைகுடா பக்கம் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. அதோட கொட்டு உயிரையே எடுக்கலாம். அங்கே சில கடற்கரைகள்ல வினிகர் பாட்டில் வெச்ச கம்பம் நிக்கும், அதுக்காகத்தான். குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சல் உடை வாங்கிடுங்க.

பாட்டியோட முழங்கால்

தீவுன்னாலே படகுன்னு நினைக்காதீங்க. பூகெட் பெரிய தீவு, பாலம் வழியா நிலப்பகுதியோட சேர்ந்தே இருக்கு, விமான நிலையமும் உண்டு. படகே ஏறாம அறைக்குப் போயிடலாம். சாமுய்லயும் விமான நிலையம் இருக்கு, ஆனா அது ஒரு தனியார் விமான நிறுவனத்தோடது, டிக்கெட் பெரும்பாலும் விலை அதிகம். இல்லைன்னா சூரத் தானி வரைக்கும் பறந்து, அங்கேருந்து வண்டி, அப்புறம் படகு.

கிராபி பக்கத்துல ரைலே அழகான இடம்தான். ஆனா சுத்தி மலைப்பாறை, சாலையே கிடையாது. நீள்வால் படகுலதான் போகணும். பல நேரம் முழங்கால் தண்ணியில நடந்து, சின்ன ஏணியில ஏறணும். அம்மாவுக்கு அது ஆகாது. அதனால ரைலேவைப் பட்டியல்லேருந்து எடுத்தாச்சு.

பூகெட்குள்ளேயே பாடோங் வேண்டாம்னு நினைக்கிறேன். ராத்திரி முழுக்கச் சத்தம். கடா, கமலா, பாங் தாவ் பக்கம் குடும்பங்களுக்குத் தோதா இருக்கும்.

சாப்பாடும் அறையும்

தாய் சமையல்ல மீன் சாஸ் கலக்காத குழம்பு அபூர்வம். "காய்கறி மட்டும்"னு சொன்னாலும் அது வந்துடும். சைவக்காரங்க "ஜே"ங்கிற வார்த்தையைக் கத்துக்கோங்க, அதுதான் அங்கே சுத்த சைவத்துக்குப் பேரு. மஞ்சள் பின்னணியில சிவப்பு எழுத்துல போட்டிருப்பாங்க. பூண்டு, வெங்காயம்கூட அதுல சேராது.

9 பேருக்கு நாலு ஹோட்டல் அறை எடுக்கிறதைவிட, சமையலறை உள்ள ஒரே வீடு எங்களுக்குச் சரிப்படும். காலையில அம்மா ஒரு ரசம், சாதம் வெச்சுட்டாங்கன்னா மதியச் சண்டை பாதி குறையும். ஒன்னே ஒன்னு கவனிக்கணும். அந்த வீட்டுல நீச்சல் குளம் இருந்தா, அதைச் சுத்தி வேலி இருக்கான்னு கேளுங்க.

காகிதங்கள்

இந்தியர்களுக்கு 2023 நவம்பர்ல தாய்லாந்து விசா விலக்கு கொடுத்தது. 2024 ஜூலையில அதை 60 நாளாக்கினாங்க. இந்த விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி தூதரகத் தளத்துல ஒருதடவை பார்த்துடுங்க. 2025 மே 1 முதல் ஒவ்வொருத்தரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பணும், குழந்தைக்கும் சேர்த்து. போறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள நிரப்பலாம். அது இலவசம். பணம் கேட்டா அது அரசுத் தளம் இல்லை. குழந்தை பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும், தேதியைப் பாருங்க.

கடைசியா ஒன்னு. ஆரணியிலேருந்து சென்னைக்கே 3 மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்புறம் பாங்காக், அங்கேருந்து இன்னொரு விமானம். அதனால முதல் நாள் எந்தத் திட்டமும் போடாதீங்க. தீவுச் சுற்றுலா, வேகப் படகு எல்லாம் இளவட்டங்க ஒரு நாள் தனியாப் போய்ட்டு வரட்டும். சித்தப்பா இத்தனை வருஷத்துல தறியை விட்டு அஞ்சு நாள் சேர்ந்தாப்ல வெளியே இருந்ததே இல்லை. அவர் சும்மா மணல்ல உட்காரவும் நேரம் வேணும். அந்த நேரத்தையும் திட்டத்துல எழுதி வெச்சுடுங்க.