எழுத்து மங்கலா? உடனே எடைக்குப் போட்டுராதீங்க!



1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்தது பி.பி.சி. மைக்ரோ என்ற இங்கிலாந்துக் கணினி. அதே வகைக் கணினி ஒன்று சிவகாசியில் எங்க மாமா வீட்டுப் பரணில் இருக்கு. போன மாதம் மாமா பையன் அதைக் கண்ணாடித் திரையில் போட்டுப் பார்த்தான். (மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டினால் கண் முன்னே பெரிய திரை தெரியுமே, அதுதான்.) எழுத்தெல்லாம் குழைஞ்ச சோறு! "மெஷின் போச்சு, எடைக்குப் போட்டுரலாம்"னு சொல்லிட்டாங்க. நம்ம ஊரில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் உடைஞ்ச சங்கு வளையலைக்கூட பத்திரமா எடுத்து வைச்சாங்க. ஓடுற கணினியை எடைக்குப் போடுறதா?

கோளாறு எங்கே என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய கணினி தருவது அனலாக் சிக்னல். கண்ணாடிக்கு டிஜிட்டல்தான் புரியும். அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேணும். கணினியின் மோடு 0-வில் ஒரு வரிக்கு 640 புள்ளி. அவை 40 மைக்ரோ நொடிக்குள் ஓடுகின்றன, அதாவது மைக்ரோ நொடிக்கு 16. டி.வி. படத்துக்கான சாதாரண கன்வெர்ட்டரோ மைக்ரோ நொடிக்கு 13.5 தடவைதான் அளக்கும். 40 × 13.5 = 540. புள்ளி 640, அளவு 540! எழுத்து மங்காமல் என்ன செய்யும்?

சோதிக்க எளிய வழி உண்டு. மோடு 4 என்று தட்டுங்க. அதில் வரிக்கு 320 புள்ளிதான், எழுத்து பெரிசு. அது தெளிவா வந்தால் கணினிமேல் குற்றமில்லை. எங்களுக்குத் தெளிவாவே வந்தது.

கலர் வேணும்னா பின்னாடி இருக்கிற ஆர்.ஜி.பி. சாக்கெட்தான் நல்லது. சிவகாசி அச்சகத்தில் காலண்டருக்கு ஒவ்வொரு கலருக்கும் தனி பிளேட் போடுவாங்கல்ல, அது மாதிரி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி கம்பி. ஆனால் கன்வெர்ட்டர் 13.5-லேயே நின்னால் கலர் பளிச்சுனு வரும், சின்ன எழுத்து அதே மங்கல்தான். 16 புள்ளியும் பிடிக்கிற கன்வெர்ட்டரா பார்த்து வாங்கணும்.

இன்னொண்ணு, அந்தக் கம்பியை நேரா சொருகிடாதீங்க. கன்வெர்ட்டர் எதிர்பார்ப்பது 0.7 வோல்ட், இதில் வருவது அதைவிட அதிகம். இடையில் ரெசிஸ்டர் போடணும். எத்தனை ஓம் என்பதை இயற்பியல் சார்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கை வையுங்க.