காத்திருப்பு நொடிகளா, ஓடும் மைல்களா?

சைக்கிள் பாதைக்குக் கோடு போடுவது சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சட்டப்படி வாதாட முடிந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தாமல் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, சான் பிரான்சிஸ்கோ நகரின் சைக்கிள் திட்டத்துக்கு 2006-இல் நீதிமன்றம் தடை விதித்தது. அது முழுதாக நீங்க 2010 ஆயிற்று. இந்த விநோதத்துக்கு வேர், பாதிப்பை அளந்த விதத்தில் இருந்தது. ஒரு திட்டம் வந்தால் சாலைச் சந்திப்பில் கார்கள் எத்தனை நொடி கூடுதலாக நிற்கும் என்பதைத்தான் அதிகாரிகள் கணக்கிட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினால் சிக்னலில் கூட்டம் சேரும்; ஆகவே அது கேடு. ஊருக்கு வெளியே வயலை அழித்து மனை போட்டாலோ அங்குள்ள சந்திப்புகள் காற்றாடும், ஆகவே கேடில்லை. அங்கே குடிபோகிறவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் காரிலேயே அலைய வேண்டியிருப்பது கணக்கில் வரவில்லை. மாநிலத்தின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 40 சதவீதம் போக்குவரத்திலிருந்து வருகிறது என்பதை நினைத்தால், இந்தக் கணக்கு எவ்வளவு தலைகீழானது என்பது விளங்கும்.

2013-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்ற வழிவகுத்தது. 2020 ஜூலை முதல், கார்கள் காத்திருக்கும் நேரத்துக்குப் பதிலாக, அவை ஓடும் மொத்தத் தூரமே மாநிலம் முழுவதும் அளவுகோல். இந்த மாற்றத்துக்கு ஆதாரம் தந்ததில் அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. மாநிலக் காற்று வள வாரியத்துக்காக ஆய்வாளர்கள் சூசன் ஹேண்டியும் மார்லன் போர்னெட்டும் 2014-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நெடுஞ்சாலையின் கொள்ளளவை 10 சதவீதம் கூட்டினால், நீண்ட காலத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் 6 முதல் 10 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கண்டது. காரணம் எளியது. சாலையில் கழியும் நேரமும் பயணத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான். விலை குறைந்தால், வேறு நேரத்தில், வேறு வழியில், ரயிலில் போனவர்களும் அந்தச் சாலைக்கு வருவார்கள். நாளடைவில் வீடுகளும் தொலைவுக்கு நகரும். லாஸ் ஏஞ்சலிஸில் 405 நெடுஞ்சாலையை நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து விரிவாக்கினார்கள். 2014-இல் அது திறந்த பிறகும் உச்ச நேர நெரிசல் அப்படியேதான் இருந்தது.

மக்கள்தொகை பெருகினால் வண்டிகளும் பெருகும்; அதற்குச் சாலை என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வாளர்கள் ஜில் டுராண்டனும் மாத்யூ டர்னரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மக்கள்தொகை வளர்ச்சியைக் கழித்த பிறகும், அமெரிக்க நகரங்களில் மாநிலங்களிடை நெடுஞ்சாலைத் தடங்கள் கூடிய விகிதத்திலேயே வண்டிகளின் ஓட்டமும் கூடியிருந்தது. இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: கூடுதல் பயணமும் யாருக்கோ பயன்தானே? உண்மை. முன்பு போக முடியாத வேலைக்கு ஒருவர் போகிறார் என்றால் அது நன்மை. அப்படியானால் அந்த நன்மையைச் சொல்லிப் பணம் கேட்க வேண்டும். நெரிசல் குறையும், புகை குறையும் என்று சொல்லிக் கேட்பதுதான் தவறு. மின்சாரக் கார்கள் வந்தால் புகைக் கவலை தீரும் என்பாரும் உண்டு. பழைய கார்கள் சாலையைவிட்டுப் போக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். டயர் தேய்ந்து வரும் துகளுக்கும் அழிந்த வயலுக்கும் மின்கலம் மருந்தில்லை.

அளவுகோல் மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. கூடுதல் தடத்தால் எவ்வளவு ஓட்டம் பெருகும் என்று மதிப்பிடும் கணிப்பானை 2019-இல் உருவாக்கியது டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே அந்த வேலையைச் செய்தது, அப்போது மத்திய போக்குவரத்துத் துறையின் நிதி பெற்ற ஓர் ஆய்வு மையம். நகர்ப்புறத் திட்டங்களுக்கு அந்தக் கணிப்பானைப் பயன்படுத்தும்படி மாநிலப் போக்குவரத்துத் துறையே பரிந்துரைக்கிறது. அதே டேவிஸ் வழியாக சாக்ரமென்டோ நோக்கிச் செல்லும் 80-ஆம் நெடுஞ்சாலையை விரிவாக்க 2024-இல் ஒப்புதல் கிடைத்தது, சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. ஆனால் புதிய தடங்கள் கட்டணத் தடங்கள். நேரம் என்ற விலையைக் குறைத்துவிட்டுப் பணம் என்ற விலையை வைப்பதால் ஓட்டம் எந்த அளவுக்கு அடங்கும் என்பதை, அவை திறந்த பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே அளந்து பார்க்கலாம்.