புகைக்குழாய் இல்லாத காரில் பயணம் வேண்டாம்

தோட்டப் பாதையின் கற்களில் இடிபட்டோ துருப்பிடித்தோ காரின் புகைக்குழாய் உடைவதுண்டு. உடைந்த பகுதியைக் கழற்றிவிட்டு, "சத்தம் மட்டும்தானே அதிகம்" என்று சிலர் காரைத் தொடர்ந்து ஓட்டுகின்றனர். சத்தம் காதுக்குக் கேட்கும். உண்மையான ஆபத்தோ கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதது.

இயந்திரத்தில் பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனைக் காரின் பின்புறம்வரை கொண்டுசென்று வெளியேற்றுவது புகைக்குழாயின் பணி. குழாயின் பிற்பகுதி இல்லையெனில், வாயு இருக்கைகளுக்கு அடியிலேயே வெளிப்பட்டு, அடித்தகட்டின் துளைகள் வழியாக உள்ளே புகக்கூடும். நமது இரத்தம் உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்நச்சைப் பற்றிக்கொள்ளும். அதனால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம் தோன்றும். முற்றினால் மயக்கமும் மரணமும் நேரும். பின்னிருக்கையில் மயங்கிய குழந்தையை, அயர்ந்து உறங்குவதாகப் பெற்றோர் எண்ணிவிடலாம்.

கண்ணாடியை இறக்கிவிடுவது போதிய பாதுகாப்பாகாது. இவ்வறிகுறிகள் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லுங்கள். 999 எண்ணை அழையுங்கள்.

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் இன்னோர் அபாயமும் உண்டு. தாழத் தொங்கும் சூடான குழாய் சருகில் பட்டால் தீப்பற்றக்கூடும்.

வாகனப் புகையையும் ஓசையையும் நம் நாட்டுச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே, குழாய் உடைந்த காரை ஓட்டாமல், பட்டறைக்கு இழுத்துச்சென்று பழுது பாருங்கள். அச்செலவு உயிரைவிடப் பெரிதன்று.