குழித்தறியும் சோவியத் விருதும்

நெசவாளி குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து மிதியை அமுக்கினால் பாவு பிரியும். அந்தச் சந்தில் நாடா ஊடையை இழுத்துக்கொண்டு ஓடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்த வருஷமும் தறி சோறு போட்டது, நூல் கிடைத்தவரை.

நூல் கிடைக்காத நெசவாளர் வீட்டுப் பட்டினியைத் தொ.மு.சி. ரகுநாதன் ‘பஞ்சும் பசியும்’ நாவலில் (1953) எழுதினார். கதைக்களம் அம்பாசமுத்திரம், கஷ்டம் இங்கேயும் அதேதான். நாவல் செக் மொழிக்கும் போனது. கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கியவரும் இவரே.

சோவியத் நாடு நேரு விருது இவருக்கு இருமுறை கிடைத்தது. அறிவியல், கலை, தொழில்நுட்பச் சாதனைக்குச் சோவியத் அரசு தன் குடிமக்களுக்கு வழங்கிய அரசுப் பரிசு வேறு. நேரு விருதோ இந்தியர்களுக்கென ‘சோவியத் நாடு’ இதழ் வழியே வந்தது. நம் சாகித்திய அகாதெமி விருது ரகுநாதனுக்கு 1983-இல்தான் வந்தது.