விண்ணிலிருந்து படம் வருகிறது. மலைக்கு எச்சரிக்கை வருமா?

புது தில்லி: கேரளத்தின் எல்லையோர மலைகளில் மண் சரிந்தால், மேகமூட்டத்தையும் ஊடுருவிப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் நாட்டிடம் உள்ளன. ஆனால், அத்தகவல் மலையடிவாரத்தில் வசிப்போருக்கு உரிய நேரத்தில் சென்றடைகிறதா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இடுக்கி மாவட்டம், மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நேரிட்ட நிலச்சரிவு 70 உயிர்களைப் பறித்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது.

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் பேரழிவு நேரிட்டபோது நிலைமை ஓரளவு மாறியிருந்தது. இஸ்ரோவின் ரிசாட், கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள்கள் மறுநாளே படமெடுத்தன. அவற்றை ஆராய்ந்த ஹைதராபாத் தேசிய தொலையுணர்வு மையம், 86 ஆயிரம் சதுர மீட்டர் நிலம் சரிந்ததையும், இடிபாடுகள் சுமார் 8 கி.மீ. தூரம் அடித்துச் செல்லப்பட்டதையும் கண்டறிந்தது. மீட்புப் பணிக்கு இது உதவும். உயிர்களைக் காக்க, தகவல் முன்னதாகவே வந்தாக வேண்டும்.

நாடாளுமன்றத்தில் எழுந்த சர்ச்சையும் இதுவே. ஜூலை 23-ஆம் தேதியே கேரளத்துக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா தெரிவித்தார். நிலச்சரிவுக்கு முன்பு அங்கு 'சிவப்பு எச்சரிக்கை' விடுக்கப்படவே இல்லை என முதல்வராக இருந்த பினராயி விஜயன் மறுத்தார்.

எந்த மலைகள் ஆபத்தானவை என்பதில் ஐயமில்லை. தேசிய தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில், நாட்டின் 147 மாவட்டங்களில் பாலக்காடு 5-ஆவது இடத்திலும், இடுக்கி 18-ஆவது இடத்திலும் உள்ளன.

2025 ஜூலை 30-ஆம் தேதி ஏவப்பட்ட 'நிசார்' செயற்கைக்கோள், நிலம் சில செ.மீ. நகர்ந்தாலும் கண்டறியக் கூடியது. 12 நாள்களில் இருமுறை நிலப்பரப்பைப் படமெடுக்கும். தரவுகள் ஓரிரு நாள்களிலும், பேரிடர் காலங்களில் சில மணி நேரத்திலும் கிடைக்கும் என்பது திட்டம். எனினும், கனமழையில் மலைச்சரிவு இடிந்து விழச் சில நிமிடங்களே போதும். எனவே, மெல்ல நகரும் சரிவுகளை மழைக்காலத்துக்கு முன்பே அடையாளம் காண்பதற்குத்தான் இத்தரவுகள் பெரிதும் பயன்படும்.

மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திடமிருந்து மாவட்டத்துக்கும் தகவல் போய்ச் சேருகிறது. அங்கிருந்து தோட்டக் குடியிருப்பு வரையிலான கடைசிச் சில கிலோமீட்டர்தான் இடைவெளி. மின்சாரம் நின்றாலும் ஒலிக்கும் எச்சரிக்கை ஏற்பாடு அங்கு இல்லாவிடில், விண்ணில் எத்தனை கண்கள் இருந்தும் பயனில்லை.